கூட்டத் தெரிந்தால் போதும், கில்லர் சுடோகு ஆடலாம்

திருமலை தரிசன வரிசைக்குள் கைபேசி கொண்டுபோக முடியாது. காத்திருப்பு அறையில் பிள்ளைகளோடு மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்கும் குடும்பத்துக்கு ஒரு தாளும் பென்சிலும் போதும், நல்லதொரு விளையாட்டு கிடைத்துவிடும். அதன் பெயர் கில்லர் சுடோகு. பெயர்தான் மிரட்டும், தேவைப்படும் கணக்கு வெறும் கூட்டல்தான்.

1979இல் அமெரிக்கப் புதிர் இதழ் ஒன்றில் வெளிவந்து, ஜப்பானில் சுடோகு என்று பெயர் பெற்ற புதிரின் வகை இது. பழைய விதிகள் அப்படியே உண்டு: 81 கட்டங்கள், ஒவ்வொரு கிடைவரிசையிலும் நெடுவரிசையிலும் 3×3 பெட்டியிலும் 1 முதல் 9 வரை ஒவ்வோர் எண்ணும் ஒரே முறை வர வேண்டும். ஆனால் தொடக்கத்தில் பெரும்பாலும் ஓர் எண்கூடத் தரமாட்டார்கள். புள்ளிக்கோடுகளால் கட்டங்களைக் கூண்டுகளாகப் பிரித்திருப்பார்கள். கூண்டின் மூலையில் உள்ள சிறிய எண், அதற்குள் வரும் எண்களின் கூட்டுத்தொகை. ஒரே கூண்டில் எந்த எண்ணும் இரண்டு முறை வராது.

முதலில், ஒரே வழியில் மட்டும் பிரியக்கூடிய கூண்டுகளைத் தேடுங்கள். இரண்டு கட்டக் கூண்டில் 3 என்றால் 1, 2. 4 என்றால் 1, 3. 16 என்றால் 7, 9. 17 என்றால் 8, 9. மூன்று கட்டங்களில் 6 என்றால் 1, 2, 3. 24 என்றால் 7, 8, 9. எது எந்தக் கட்டத்தில் என்று தெரியாவிட்டாலும் கவலையில்லை. 3 என்ற கூண்டு முழுவதும் ஒரே வரிசையில் இருந்தால், அந்த வரிசையின் மற்ற கட்டங்களில் 1, 2 வரவே வராது.

அடுத்து, 45 விதி. 1 முதல் 9 வரை கூட்டினால் 45; ஆகவே ஒவ்வொரு வரிசைக்கும் பெட்டிக்கும் மொத்தம் 45தான். ஒரு பெட்டியின் எட்டுக் கட்டங்களை 3, 16, 21 என்ற மூன்று கூண்டுகள் நிரப்பியிருக்கின்றன என்று கொள்வோம். கூட்டினால் 40. எனவே ஒன்பதாவது கட்டத்தில் 5. அந்தக் கட்டம் பக்கத்துப் பெட்டியின் ஒரு கட்டத்தோடு சேர்ந்து 12 என்ற கூண்டாக இருந்தால், அங்கே வருவது 7. ஓர் எண்கூட இல்லாத இடத்தில் இரண்டு எண்கள் உறுதியாகிவிட்டன, ஊகம் எதுவும் இல்லாமல்.

சுடோகுவுக்கு உலகப் போட்டியும் உண்டு; 2017ஆம் ஆண்டில் அது பெங்களூருவில் நடந்தது. இத்தகைய போட்டிகளில் பல வகைச் சுடோகுகள் இடம்பெறும். அவற்றுள் கில்லர் வகைக்குத் தயாராவதற்கும் தொடக்கம் இந்தக் கூட்டல்தான். அடுத்த திருப்பதிப் பயணத்துக்கு ஒரு கில்லர் சுடோகு தாளையும் எடுத்து வையுங்கள். முதல் கூண்டைப் பிள்ளைகளே நிரப்பட்டும்.