குற்றத் தடுப்பும் பொலிசாரும்

குற்றவாளியைத் தேடிப் பிடித்தலா, குற்றம் நிகழாமற் காத்தலா பொலிசாரின் முதற்கடமை என்னும் வினா, பொலிஸ்படைகள் தோன்றிய காலந்தொட்டே இருந்து வருவதாகும். 1829ஆம் ஆண்டிலே ரொபேட் பீல் என்னும் அமைச்சரின் முயற்சியால் இலண்டன் மாநகரப் பொலிஸ்படை நிறுவப்பட்டபொழுது, குற்றத் தடுப்பே அதன் தலையாய நோக்கமென முதல் அறிவுறுத்தல்களிலேயே கூறப்பட்டது. சீருடையணிந்த காவலர் தெருக்களில் நடந்து திரிவாராயின் கள்வர் அஞ்சி அடங்குவர் என்பது அக்காலத்தார் கொள்கை.

இருபதாம் நூற்றாண்டிலே மோட்டார் வண்டியும் தொலைபேசியும் இம்முறையை மாற்றின. அழைப்பு வந்ததும் விரைந்து செல்லுதலும், எஞ்சிய நேரத்திலே வண்டியில் வீதிகளைச் சுற்றி வருதலுமே காவலெனக் கொள்ளப்பட்டன. இதன் பயனை அளந்தறிய, 1972ஆம், 1973ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவின் கன்சாஸ் நகரிலே ஒரு சோதனை நடைபெற்றது. நகரின் ஒரு பகுதியிலுள்ள 15 வட்டாரங்கள் மூன்று தொகுதிகளாக்கப்பட்டன. ஒன்றிலே சுற்றுக்காவல் நிறுத்தப்பட்டது; ஒன்றிலே முன்போல் நடைபெற்றது; மற்றொன்றிலே இரண்டு மூன்று மடங்காக்கப்பட்டது. எனினும் குற்றத்தின் அளவிலோ மக்களின் அச்சத்திலோ குறிப்பிடத்தக்க வேற்றுமை எதுவுங் காணப்படவில்லை.

இம்முடிவு புதிய வழிகளை நாடச் செய்தது. மினியாபொலிஸ் நகருக்கு வந்த அழைப்புகளை ஆராய்ந்தோர், அவற்றுள் ஏறத்தாழச் சரிபாதி நூற்றுக்கு மூன்று இடங்களிலிருந்தே வந்தன என 1989இல் வெளியிட்டனர். எனவே, எங்கும் பரவலாகச் சுற்றுவதை விட்டு, அத்தகைய இடங்களிலே காவலைக் குவிக்கும் முறை எழுந்தது. இதற்கு முன்னரே, 1979இல், பேராசிரியர் ஹேர்மன் கோல்ட்ஸ்ரீன் வேறொரு நெறியைக் காட்டியிருந்தார். நிகழ்ச்சிகளைத் தனித்தனியே தீர்த்துக்கொண்டிருப்பதைவிட, அவற்றை மீண்டும் மீண்டும் விளைவிக்கும் மூல காரணத்தைக் கண்டு நீக்குதலே தக்கதென்பது அவர் கருத்து. நோயின் குறியை மட்டுமன்றி அதன் முதலையும் நாடும் மருத்துவன் செயலை இஃது ஒக்கும்.

காவலைக் குவிக்கும்பொழுது கடுமை மிகுமாயின் கேடும் விளையும். நியூயோர்க் நகரப் பொலிசார் 2011ஆம் ஆண்டிலே 6,85,000இற்கும் மேற்பட்ட முறை வழிச்செல்வோரைத் தடுத்து விசாரித்தனர். அவ்வாறு தடுக்கப்பட்டோருட் பெரும்பாலார் கறுப்பினத்தவரும் இலத்தீன் அமெரிக்க வழியினருமாவர். பத்தில் ஏறக்குறைய ஒன்பது முறை கைதோ வழக்கோ தொடரவில்லை. நடைமுறையிலிருந்த அவ்வொழுங்கு அரசியலமைப்புக்கு முரணானதென 2013இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பின்னர் அத்தகைய தடுப்புகள் வெகுவாகக் குறைந்தன. எனினும், சிலர் அஞ்சியவாறு அடுத்து வந்த ஆண்டுகளிலே அந்நகரிற் குற்றம் பெருகவில்லை.

இவற்றை ஒருங்குவைத்து நோக்குமிடத்து ஓருண்மை புலனாகும். வண்டிகளின் தொகையாலோ கைதுகளின் கணக்காலோ காவலின் சிறப்பை அளத்தல் இயலாது. குற்றங் கண்டவன் அச்சமின்றிச் சென்று முறையிடவும், சான்று கூறவும் முன்வந்தாலன்றிப் பொலிசார் அறியக்கூடியது மிகச் சிறிதே. குற்றமற்றவனைக் காரணமின்றித் தடுக்குந்தோறும் அத்துணையாளன் ஒருவனை அவர் இழக்கின்றனர். மக்களின் நம்பிக்கையைப் பேணுதல் காவலின் அணியன்று, அதன் அடிப்படையேயாகும்.