நிருபர் பெயர் இல்லாத செய்தி

டெங்கில் ஒட்டுக்கடையில் தமிழ் நாளிதழைப் புரட்டுகிறவர் கண்ணில் இப்படி ஒரு பத்தி படலாம்: இனிப்புநீரால் பல ஆண்டு அவதிப்பட்டவர் மூலிகை மாத்திரை சாப்பிட்டுத் தேறிய கதை. செய்திக்குப் போடும் அதே எழுத்து, அதே மாதிரித் தலைப்பு, படமும் உண்டு. எழுதிய நிருபரின் பெயர் மட்டும் இல்லை. கடைசி வரியில் கைப்பேசி எண். அது காசு கொடுத்து வாங்கிய இடம்.

கட்டம் கட்டிய விளம்பரத்தைக் கண் தாண்டிப் போய்விடும்; செய்தி என்றால் நின்று படிக்கும். விலை அதற்குத்தான். அமெரிக்காவில் 1912-லேயே, சலுகைத் தபால் கட்டணத்தில் போகும் ஏடுகள் காசு வாங்கிப் போடும் எழுத்துக்கு மேல் 'விளம்பரம்' என்று அச்சிட வேண்டும் எனச் சட்டம் வந்தது. பத்திரிகைக்காரர்கள் வழக்குப் போட்டார்கள். மறு ஆண்டே தோற்றார்கள். அரசியலுக்கும் இது பழகிய வித்தை. மலேசியத் தரப்புப் பணத்தில், அப்போது எதிர்க்கட்சித் தலைவராக இருந்த அன்வார் இப்ராஹிமைத் தாக்கும் கட்டுரைகள் அமெரிக்க ஏடுகளில் வந்தது, 2013-இல் அந்நாட்டு நீதித்துறையிடம் தாக்கலான ஆவணங்களில் வெளிப்பட்டது. ஏற்பாடு செய்தவர் பெற்றது ஏறக்குறைய 390,000 டாலர்.

மருந்து விற்பவருக்கு இந்த வேடம் போட இன்னொரு காரணமும் உண்டு. நம் மலேசியாவின் 1956-ஆம் ஆண்டு மருந்து விளம்பர, விற்பனைச் சட்டம் 20 நோய்களைப் பட்டியலிடுகிறது. இவற்றைத் தடுக்கும், தீர்க்கும் என்று எந்த மருந்தையும் விளம்பரப்படுத்தக் கூடாது. இனிப்புநீர், ரத்தக் கொதிப்பு, புற்றுநோய், ஆஸ்துமா, சிறுநீரகக் கோளாறு எல்லாம் அதில் அடக்கம். நேராகச் சொல்லக் கூடாததை அனுபவக் கதையாகச் சொல்லிவிடலாம் என்பது கணக்கு. சட்டம் எழுதியவர்கள் அதற்கும் விவரமானவர்கள்: 'விளம்பரம்' என்பதற்குள் அறிக்கையையும் கருத்துரையையும் சேர்த்தே வைத்திருக்கிறார்கள்.

அனுமதி பெற்ற மருந்து விளம்பரத்தின் அடியில் கே.கே.எல்.ஐ.யு. என்று தொடங்கும் எண் இருக்கும். சுகாதார அமைச்சின் மருந்து விளம்பர வாரியம் கொடுப்பது. 'செய்தி'க்கு அடியில் அது பொடி எழுத்தில் தெரிந்தால் விளம்பரம்தான், சந்தேகமே வேண்டாம். அனுமதி எண்ணே இல்லாமல் ஒரு மருந்தைப் புகழ்ந்து, விற்பவரின் கைப்பேசி எண்ணையும் கொடுத்தால் இன்னும் மோசம்.

மருந்துப் பெட்டியில் எம்.ஏ.எல். எனத் தொடங்கும் பதிவு எண் இருக்கிறதே என்பார்கள். அந்த எண் 'டி' என்ற எழுத்தில் முடிந்தால் அது பாரம்பரிய மருந்து. அந்த வகைக்குப் பதிவின்போது பெரும்பாலும் பார்ப்பது தரமும் பாதுகாப்பும்தான். நோய் தீருமா என்பதை அல்ல.