அழுகையும் ஆர்ப்பரிப்பும்: சபைப் பாடலும் தலைமுறைகளும்

ஆயர் ஒருவர் தம் ஊழியத்தில் சந்திக்கும் வழக்குகளுள் பாடலைப் பற்றிய வழக்கு ஓயாத ஒன்றாகும். ஞானப்பாட்டும் கீர்த்தனையும் ஆராதனையினின்று மறைந்து வருகின்றன என்று மூத்தோர் குறைப்படுகின்றனர். தாம் கிட்டாரோடும் விசைப்பலகையோடும் பாடும் பாடல்களைச் சபை அரைமனத்தோடு மட்டுமே ஏற்கிறது என்று இளைஞர் மனம் நோகின்றனர். காலையில் ஓர் ஆராதனை மூத்தோர்க்கு, பிறகு ஓர் ஆராதனை இளையோர்க்கு எனப் பிரித்து அமைதி காணும் சபைகளும் உண்டு. இவ்வமைதி உண்மையான அமைதிதானா? ஒரே சரீரமாகிய சபையை வயதின்படி பிரிப்பதற்கு முன், இவ்வழக்கின் வேர் எங்குள்ளது என்று நாம் ஆராய்தல் நலம்.

1. இளமையில் கேட்ட பாடல்

'நாஸ்டால்ஜியா' என்னும் சொல் ஒரு நோயின் பெயராகவே பிறந்தது. 1688ஆம் ஆண்டில் பாசல் நகரில் மருத்துவம் பயின்ற ஜோஹனெஸ் ஹோஃபர், தாய்நாட்டை நினைந்து நினைந்து உடல் நலிந்தோரின் நிலையை விளக்குதற்கு, வீடு திரும்புதல், வேதனை என்னும் பொருளுடைய இரு கிரேக்கச் சொற்களை இணைத்து அதனை அமைத்தார். அயல்நாட்டுப் படைகளில் சேவித்த சுவிஸ் வீரர் தம் மலைநாட்டு மேய்ப்பரின் இராகத்தைக் கேட்டால் படையை விட்டு ஓடுவர் என்றும், ஆகவே அதனை இசைப்பது தடைசெய்யப்பட்டது என்றும் ரூசோ 1768இல் வெளியிட்ட தமது இசை அகராதியில் எழுதினார். பழைய பாடலுக்கு மனிதனைத் திரும்ப அழைக்கும் ஆற்றல் உண்டு என்பதை அக்காலத்தவரும் அறிந்திருந்தனர்.

இன்று இந்த ஏக்கம் நோயாகக் கருதப்படுவதில்லை. 1989இல் ஹோல்புரூக், ஷிண்ட்லர் என்னும் இரு அமெரிக்க ஆய்வாளர், 16 முதல் 86 வயது வரையிலான 108 பேரிடம் வெவ்வேறு காலத்துப் பாடல்களை இசைத்துக் காட்டினர். தமக்கு ஏறத்தாழ 23, 24 வயதான காலத்தில் வழங்கிய பாடல்களையே அவர்கள் மிகுதியும் விரும்பினர். பின்வந்த ஆய்வுகள் இவ்வயதைச் சிறிது கீழே கொணர்ந்தாலும், இளமையே இசைச்சுவை வேரூன்றும் பருவம் என்பதில் பெரிதும் ஒத்துப்போகின்றன. அப்பருவத்தில்தான் ஒருவர் தொழில் தேடுகிறார், மணம் செய்கிறார், திடப்படுத்தல் பெற்றுத் திருவிருந்தில் பங்குகொள்கிறார். அந்நாள்களின் பாடல் அந்நாள்களையே தன்னுள் ஏந்தி நிற்கிறது.

இதிலிருந்து ஓர் உண்மை நமக்குத் தெளிவாகிறது. "இப்பாடலில் பயபக்தி இல்லை" என மூத்தவர் கூறும்போதும், "அப்பாடலில் உயிர் இல்லை" என இளைஞர் கூறும்போதும், பல வேளைகளில் அவர்கள் பாடலைப் பற்றிப் பேசுவதில்லை. தம் இருபதாம் வயதைப் பற்றியே பேசுகின்றனர். இது குற்றமன்று. ஆயினும் தம் நினைவையே இறையியல் தீர்ப்பாக உயர்த்துதல் பிழை.

2. பழையவை யாவும் ஒருகால் புதியவையே

நம் சபை வரலாறு இதற்குச் சான்று பகர்கிறது. 1706இல் சீகன்பால்க் தரங்கம்பாடிக்கு வந்த பின்னர் தமிழில் பாடப்பெற்ற ஞானப்பாட்டுகள் பெரும்பாலும் ஜெர்மானியப் பாடல்களின் மொழிபெயர்ப்புகள், இராகங்களும் ஜெர்மானியருடையவை. தமிழ்ச் செவிக்கு அந்நியமாய் இருந்த அவ்விசையே சில தலைமுறைகளில் நம் முன்னோரின் சொந்த இசையாயிற்று. இன்று அதனை இழப்பதைத் தாய்வீட்டை இழப்பதாகவே மூத்தோர் பலர் உணர்கின்றனர்.

அடுத்து வந்தவர் தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864). சுவார்ட்ஸ் ஐயரின் மாணாக்கரான இவர் கர்நாடக இசையில் கிறிஸ்துவைப் பாடினார். இவருடைய கீர்த்தனைகளை ஆலயத்தினுள் பாடுதல் தகுமா என்பது அக்காலத்து மிஷனெரிமார் சிலர்க்கு ஐயமாயிருந்தது. 1853இல், சாஸ்திரியார் உயிரோடிருந்தபோதே, அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப் கீர்த்தனைகளைத் தொகுத்து அச்சிட்டார். அதன் பின்னரே அவை சபைகளில் பரவலாயின.

புதுமை செய்த அதே சாஸ்திரியார் மற்றொரு பக்கத்தில் பழைமையின் காவலராயும் நின்றார். பப்ரிசியுசின் வேத மொழிபெயர்ப்பில் வளர்ந்த அவர், ரேனியுசின் புதிய மொழிபெயர்ப்பை ஏற்கவில்லை. அவர் எதிர்ப்பு அத்தோடு நிற்கவுமில்லை. 1829ஆம் ஆண்டையொட்டித் தஞ்சைச் சபையில் சாதிவாரியாக அமரும் வழக்கத்தை நீக்க மிஷனெரிமார் முயன்றபோது, அவ்வழக்கத்தையும் காக்கவேண்டும் என்றே அவர் எழுதினார். தமிழ்ப் பாடல், பழைய வேதம், சாதி இருக்கை ஆகிய மூன்றும் முன்னோர் வழி என்ற ஒரே அன்பினால் அவர் நெஞ்சில் பிணைந்திருந்தன. அவர் பாடல்களுக்கு நாம் நன்றியுடையோம். ஆனால் அந்த இருக்கைமுறைக்கு நன்றி கூறல் நம்மால் இயலாது. பழைமை ஏக்கத்தின் ஆபத்து இதுவே: அது பொன்னையும் துருவையும் ஒரே பேழையில் வைத்துக் காக்கிறது, பிரித்தறியும் பணியை அது தானே செய்யாது.

அண்மைக் காலத்தில் இதே வினாவைக் கூர்மையாக எழுப்பியவர், மதுரை அரசரடியிலுள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் கற்பித்த தியாபிலஸ் அப்பாவு (1940–2005). 'பரட்டை' என்னும் பெயரால் அறியப்பெற்ற அவர், கர்நாடக இசைவழிப்பட்ட கீர்த்தனை மேல்சாதியினரின் சுவையைச் சபைக்குள் கொணர்ந்தது என்று திறனாய்ந்து, ஏழை எளியோரின் நாட்டுப்புற இசையில் பாடல்களையும் வழிபாட்டு முறைமையையும் அமைத்தார். யாருடைய கடந்தகாலம் சபையின் கடந்தகாலமாகக் கொண்டாடப்படுகிறது என்பதே அவர் நம்முன் வைத்த கேள்வி. இதற்கு விடை எளிதன்று. பறையொலியைச் சாதி இழிவின் சின்னமாகச் சுமந்த ஒடுக்கப்பட்டோருள், அதனை ஆலயத்தில் கேட்க விரும்பாதோரும் இருந்தனர். ஒருவர்க்கு இனிய நினைவாவது மற்றொருவர்க்கு ஆறாத வடுவாகலாம்.

3. வேதம் காட்டும் இருவகை நினைவு

திருமறை நினைவை இழிவாக எண்ணுவதில்லை. கர்த்தர் நடத்திவந்த வழியை நினைக்கும்படி இஸ்ரவேல் மீண்டும் மீண்டும் கட்டளை பெறுகிறது. நம் ஆண்டவரும் தம்மை நினைவுகூரும்படியே திருவிருந்தை ஏற்படுத்தினார். ஆயினும் வனாந்தரத்தில் மற்றொரு நினைவும் எழுந்தது. எகிப்தில் உண்ட மீனையும் வெள்ளரிக்காயையும் வெங்காயத்தையும் எண்ணி ஜனங்கள் அழுதனர் (எண்ணாகமம் 11:5). அவர்கள் நினைவில் உணவு இருந்தது. ஆளோட்டியின் சவுக்கு இல்லை. முந்தின நாள்களே நலமானவை என்று சொல்லித் திரிதல் ஞானமன்று எனப் பிரசங்கியும் எச்சரிக்கிறான் (7:10). தேவன் செய்ததை நினைத்தல் நம்மை முன்னோக்கி நடத்தும். நமக்கு இனித்ததை மட்டும் நினைத்தல் பின்னோக்கி இழுக்கும்.

இவ்விரண்டும் கலந்து நிற்கும் காட்சி ஒன்று எஸ்றாவின் புத்தகத்தில் உண்டு (3:12-13). இரண்டாம் ஆலயத்தின் அஸ்திபாரம் போடப்பட்டபோது, முந்தின ஆலயத்தைக் கண்டிருந்த முதியோர் உரத்த சத்தமாய் அழுதனர்; மற்றோர் களித்து ஆர்ப்பரித்தனர். இரு சத்தங்களையும் பகுத்தறிய ஒருவராலும் கூடவில்லை. முதியோரை அழவேண்டாம் என்று எவரும் அதட்டவில்லை. அவர்கள் அழுதமையால் அஸ்திபாரம் நின்றுபோகவுமில்லை. இரு கூட்டத்தாரும் ஒரே இடத்தில் நின்றனர் என்பதை நாம் கருத்தில் கொள்ளவேண்டும்.

4. ஆயரின் பொறுப்பு

வியாதிப்படுக்கையருகே நின்ற ஆயர் பலர் இதனை அறிவர்: பிள்ளைகளின் பெயரையும் மறந்துவிட்ட முதியவர், தாம் இளமையில் கற்ற பாட்டைத் தொடங்கியவுடன் உடன் பாடுவார். மறதி நோயிலும் இசை நினைவு நெடுநாள் நிலைப்பதுண்டு. அவ்வேளையில் அப்பாடலே அவருடைய விசுவாச அறிக்கை. ஆகவே மூத்தோரின் பாடலை ஆராதனையினின்று அகற்றுதல் வெறும் சுவை மாற்றமன்று; அவர்களுடைய கடைசி ஜெபத்தின் மொழியைச் சபை மறந்துவிடுதலாகும்.

இதே அளவுகோலை இளைஞர்முன்னும் வைக்கவேண்டும். இன்று வெண்திரையில் தோன்றும் பாடல்கள் விரைவில் மாறிவிடுகின்றன. கையில் பாட்டுப்புத்தகமும் இல்லை. இவர்கள் எண்பது வயதில் படுக்கையில் கிடக்கும்போது எந்தப் பாடலை ஆயர் தொடங்கினால் உடன் பாடுவர்? புதுப்பாடல் வேண்டாம் என்பதன்று நம் கருத்து. வசனம் வளமாய்த் தங்கும்படி (கொலோசெயர் 3:16), நல்ல புதுப்பாடல்களைத் தேர்ந்து, அவை நெஞ்சில் பதியும்வரை திரும்பத் திரும்பப் பாடச் செய்யவேண்டும் என்பதே.

நம்பிக்கை தரும் செய்தி ஒன்றும் உண்டு. 2013இல் கிரம்ஹான்சல், ஸுப்னிக் என்போர் வெளியிட்ட ஆய்வில், ஏறத்தாழ இருபது வயதான இளைஞர், தம் பெற்றோர் இளமையில் கேட்ட பாடல்களுக்கும் தனிப்பற்று உடையோராய்க் காணப்பட்டனர். வீட்டில் கேட்டு வளர்ந்த பாடல் அவர்களுக்கும் சொத்தாகிவிடுகிறது என்றே ஆய்வாளர் கருதினர். எனவே பழைய பாடல்கள் வாழ வேண்டுமாயின், குறைப்பட்டுக்கொள்வதில் பயனில்லை. குடும்ப ஜெபத்தில் அவற்றைப் பிள்ளைகளோடு பாடவேண்டும். ஆராதனைகளை வயதின்படி பிரித்துவிட்டால், பெற்றோர் பாடுவதைப் பிள்ளை கேட்கும் இடமே இல்லாமற் போகும்.

ஆகையால், பாடல் தெரிந்தெடுக்கும் ஆயர் மூன்று வினாக்களைத் தமக்குள் எழுப்புவாராக. இப்பாடல் கர்த்தர் செய்ததைச் சொல்கிறதா? இதனைப் பாடும்போது சபையில் எவரேனும் வெளியே நிறுத்தப்படுகின்றனரா? இதனை ஒரு தலைமுறை மற்றொன்றுக்குக் கற்றுக்கொடுக்க இயலுமா? இவ்வினாக்களுக்கு உட்படுவது பழையதாயினும் புதியதாயினும் அதனைப் பாடுவோம். சில ஞாயிறுகளில் மூத்தோர் கண்கலங்குவர். சில ஞாயிறுகளில் இளையோர் பொறுத்திருப்பர். அழுகையும் ஆர்ப்பரிப்பும் ஒரே கூரையின்கீழ் எழும்வரையில் சபை சபையாக நிற்கும்.