பழைய அம்பாஸடரின் ஆயில் பம்பு

நம் ஊர்களில் சில இல்லங்களின் கார் கொட்டகைகளில், பாட்டனார் வாங்கிய அம்பாஸடர் இன்றும் நின்றுகொண்டிருக்கிறது. கல்யாணத்திற்கும் பெருநாளுக்கும் வெளியே வரும். மற்ற நாட்களில் தார்ப்பாயின் கீழ் உறங்கும். விற்க மனம் வருவதில்லை. நெடுந்தூரம் ஓட்டத் துணிவும் வருவதில்லை. அந்த வண்டி இன்னும் எத்தனை ஆண்டு ஓடும் என்பது பெரும்பாலும் கையில் அடங்கும் ஒரு சிறு கருவியைப் பொறுத்திருக்கிறது. அதுவே எஞ்சினின் அடிவயிற்றில் இருக்கும் ஆயில் பம்பு.

மேற்கு வங்காளத்தின் உத்தர்பாராவிலுள்ள ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலையில் 1950களின் இறுதியில் பிறந்து, 2014 மே மாதத்தோடு உற்பத்தி நின்றுபோன கார் அம்பாஸடர். இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு கார்தான் அதன் மூலம். அறுபது, எழுபதுகளில் வந்த பெட்ரோல் வண்டிகளிலுள்ள 1489 சி.சி. எஞ்சின், பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷனின் ‘பி’ வரிசையைச் சேர்ந்தது. 1955இல் வெளிவந்த எம்.ஜி.ஏ. என்னும் பந்தயக் குணமுள்ள காரிலும் இக்குடும்பத்து எஞ்சினே பொருத்தப்பட்டது. சாந்தமே உருவான நம் அம்பாஸடருக்கு இப்படியொரு துடுக்கான தாயாதி!

இந்தப் பம்பின் அமைப்பு எளிமையானது. வார்ப்பிரும்புக் கூட்டினுள் வளையம் போன்ற வெளி ரோட்டர் ஒன்று. அதனுள் இதழிதழாய் அமைந்த உள் ரோட்டர். வெளி ரோட்டரில் இதழ்களுக்கான பள்ளங்கள் ஒன்று கூடுதல். இரண்டின் மையங்களும் ஒன்றல்ல. கேம் ஷாஃப்டின் பல்சக்கரத்தால் உள் ரோட்டர் சுழலும்போது ஒருபுறம் இடைவெளி விரிந்து எண்ணெயை உறிஞ்சும். மறுபுறம் அது சுருங்கி எண்ணெயைத் தள்ளும்.

பம்பை எஞ்சினின் இதயம் என்பார்கள். அழகான உவமைதான், ஆனால் பாதி உண்மையே. பம்பு தருவது எண்ணெயின் ஓட்டத்தை மட்டுமே. அந்த ஓட்டம் பேரிங்குகளின் நெருக்கமான சந்துகளில் புகத் திணறுவதால்தான் அழுத்தம் பிறக்கிறது. பேரிங் தேய்ந்து சந்து அகன்றுவிட்டால் புத்தம் புதுப் பம்பும் அழுத்தம் காட்டாது. இதை உணராமல் பம்பை மட்டும் மாற்றிப் பணத்தை இழந்தோர் பலர்.

ஆகவே, கழற்றுவதற்கு முன் அளந்து பார்த்தல் அவசியம். சிவப்பு விளக்கை நம்பிப் பயனில்லை. அழுத்தம் மிகத் தாழ்ந்த பிறகே அது எரியும். திருகிப் பொருத்தும் அழுத்தமானி ஒன்றை இணைத்து, வண்டியை நன்றாகச் சூடேறும்வரை ஓட்டிய பின் பார்க்க வேண்டும். குளிர்ந்த எஞ்சின் காட்டும் உயர்ந்த எண் வெறும் ஆறுதல். சூடேறிய நிலையில், ஓட்டத்தில் சதுர அங்குலத்திற்கு 50 பவுண்டு அளவிலும், நின்ற இடத்தில் மெல்ல இயங்கும்போது 15 பவுண்டு அளவிலும் இருந்தால் கவலையில்லை. அதற்கு வெகுவாகக் குறைந்தால், முதலில் எஞ்சினின் பின்பகுதியிலுள்ள ரிலீஃப் வால்வைக் கழற்றிப் பாருங்கள். வெளியிலிருந்தே ஸ்பேனரால் கழற்றலாம். அதன் இருக்கையில் ஒரு துளி அழுக்கு ஒட்டியிருந்தாலும், ஸ்பிரிங் தளர்ந்திருந்தாலும் எண்ணெய் வழியிலேயே தொட்டிக்குத் திரும்பிவிடும். பத்து ரூபாய்க் கோளாறுக்காக எஞ்சினைப் பிரிக்க வேண்டியதில்லை.

அங்கே குறையில்லை என்றால் சம்பை இறக்க வேண்டியதுதான். எப்போதோ ஒருமுறை தெருமுனைவரை சென்று திரும்பும் வண்டியில் எஞ்சின் முழுச்சூடு அடைவதில்லை. உள்ளே படியும் நீர் எண்ணெயோடு கலந்து களிம்பாகிறது. வடிகட்டி வலையில் அது அப்பியிருப்பதைக் காணலாம். பம்பு மூன்று ஸ்டட்களில் தொங்கிக்கொண்டிருக்கும். அதைக் கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்த பின் ஃபீலர் கேஜை எடுக்க வேண்டும்.

அனுபவம் மிகுந்த மெக்கானிக்குகள் சிலர் விரலால் ஆட்டிப் பார்த்தே தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள். அவர்களின் கைத்திறனை மதிக்கிறேன். எனினும் இங்கே பேசப்படுவது தலைமுடியின் பருமனோடு ஒப்பிடத்தக்க அளவுகள். பட்டறை மொழியில் ‘தௌ’ எனப்படும் அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கே இங்கு அளவை. கூட்டின் முகப்பில் நேர்விளிம்புத் தகட்டை வைத்து, அதற்கும் ரோட்டர்களுக்கும் இடையே அளந்தால் 5 தௌவுக்கு மேல் இருக்கலாகாது. இதழ் முனைகளுக்கிடையே 6 தௌ, வெளி ரோட்டருக்கும் கூட்டுக்கும் இடையே 10 தௌ என்பவை எல்லை.

முதல் அளவு மட்டும் மீறியிருந்தால் செலவின்றிச் சரிசெய்யலாம். முகப்பிலுள்ள இரண்டு டவல் பின்களையும் அகற்றி, தடித்த கண்ணாடித் தகட்டின்மேல் மெல்லிய எமரித்தாளை விரித்து, எண்ணெய் தடவி, கூட்டின் முகத்தை எட்டு வடிவில் மெதுவாகத் தேய்க்க வேண்டும். சிறிது தேய்த்ததும் அளந்து, மறுபடியும் தேய்க்க வேண்டும், அவசரம் உதவாது. மூடியில் சுழல் கீறல்கள் இருந்தால் அதற்கும் இதே வைத்தியம். தேய்த்த தூள் ஒரு மணியளவும் உள்ளே தங்கலாகாது. மற்ற இரண்டு அளவுகளும் மீறியிருந்தாலோ, தண்டு தன் துளையில் ஆடினாலோ பழுதுபார்ப்பு வீண். வேறு பம்பே வாங்க வேண்டும். சென்னை புதுப்பேட்டையில் பழைய பம்பு கிடைக்கலாம். அதையும் இதே கேஜால் அளந்த பிறகே விலை பேசுங்கள். நம்முடையதைவிடத் தேய்ந்த பம்பும் கழுவி வைத்தால் பளபளக்கத்தான் செய்யும்.

மீண்டும் பூட்டும்போது, வெளி ரோட்டரின் சரிவாகச் சீவப்பட்ட விளிம்பு, கூட்டின் உட்புறமாக, தண்டு ஓட்டப்படும் பக்கம் நோக்கி அமைய வேண்டும். பூட்டிய பின் தண்டு விரலால் சுழற்றினால் தடையின்றிச் சுழல வேண்டும். பழைய பேக்கிங்கை மறுபடியும் வைக்காதீர்கள். சம்ப் இறங்கியிருக்கும் இந்த நேரத்திலேயே கனெக்டிங் ராடு பேரிங் ஒன்றையேனும் கழற்றிப் பார்த்துவிடுவது நல்லது.

இனிமேல்தான் உண்மையான ஆபத்து. உலர்ந்த பம்பு காற்றையே சுழற்றிக்கொண்டிருக்கும், எண்ணெயை இழுக்காது. அந்த நிலையில் எஞ்சினை ஓடவிட்டால் பேரிங்கின் மென்மையான உலோகப் பூச்சு சில நிமிடங்களில் உருகி, கிராங்க் ஷாஃப்ட் லேத் பட்டறைக்குப் போகும். ஆதலால் பூட்டுமுன் பம்பினுள் வாஸலினை நிரப்புங்கள். புதிய எண்ணெய் ஊற்றி, நான்கு பிளக்குகளையும் கழற்றிவிட்டு, இடையிடையே இளைப்பாறவிட்டுச் செல்ஃப் அடியுங்கள். அழுத்தமானியின் முள் எழுந்த பிறகே பிளக்குகளை மாட்டி எஞ்சினை உயிர்ப்பிக்க வேண்டும். முள் எழாவிட்டால் பிளக்கைத் தொடாதீர்கள். சம்பை மறுபடியும் இறக்குங்கள், இரண்டு நாள் வேலை வீணானாலும் சரி.