மொறிஸ் மைனரும் அதன் அன்பர்களும்

மனிதன் தான் ஆக்கிய கருவிகளுட் பெரும்பாலானவற்றைப் பயன் குறைந்ததும் ஒதுக்கிவிடுகிறான். மிகச் சிலவற்றையே புதியவை வந்த பின்னரும் விடாது போற்றுகிறான். அவ்வாறு போற்றப்படுவனவற்றுள் பழைய மோட்டார் வண்டியும் ஒன்று. இப்பற்று எதனால் எழுகிறது? அதனால் விளையும் நன்மை யாது? இவ்விரு வினாக்களும் ஆராயத்தக்கவை.

அமெரிக்க நாட்டில் இப்பற்று பேராற்றல் படைத்த வண்டிகளைச் சார்ந்து வளர்ந்தது. 1964 ஆம் ஆண்டில் பொன்ரியாக் நிறுவனம் நடுத்தர அளவுள்ள வண்டியொன்றில் 6.4 லீற்றர் கொள்ளளவுள்ள பெரிய எந்திரத்தைப் பொருத்தி விற்பனைக்கு விட்டது. அதன் வலு 325 குதிரைவலு. ஏனைய நிறுவனங்களும் இதனைப் பின்பற்றின. ஆயினும் அக்காலம் நெடிது நிலைக்கவில்லை. 1970 இல் வந்த தூய காற்றுச் சட்டம், உயர்ந்துகொண்டே சென்ற காப்புறுதிக் கட்டணம், 1973 இன் எண்ணெய் நெருக்கடி ஆகிய மூன்றும் சேர்ந்து அதற்கு முடிவு கட்டின. இன்று அவ்வண்டிகளை அமெரிக்கர் செல்வமெனப் பேணுகின்றனர்.

இலங்கையில் அத்தகைய வண்டிகள் வேரூன்றுவதற்கு இடமில்லை. ஒடுங்கிய சாலைகளும் விலையுயர்ந்த பெற்றோலும் சிறிய வண்டியையே வேண்டின. இங்கு மக்களின் உள்ளத்தைக் கவர்ந்தது 37 குதிரைவலு மாத்திரமே கொண்ட மொறிஸ் மைனர். ஒன்று வலிமையின் பெருமிதம். மற்றையது சிக்கனத்தின் பெருமிதம். பொருள் வேறாயினும் பற்று ஒன்றே.

மொறிஸ் மைனர் 1948 ஆம் ஆண்டு இலண்டனில் நடைபெற்ற மோட்டார் கண்காட்சியில் முதன்முதலாக வெளிவந்தது. அதனை வகுத்தவர் சிமிர்ணா நகரிற் பிறந்த அலெக் இசிகோனிஸ் என்னும் பொறியியலாளர். மாதிரி வண்டி அகலத்திற் குறைந்து தோன்றியமையால், அவர் அதனை நடுவே நீளவாட்டில் இரு கூறாக அறுத்து, 4 அங்குலம் விலக்கி வைத்துப் பார்த்து, அந்த அகலமே பொருந்துமெனத் துணிந்தார். மொறிஸ் நிறுவனத்தின் தலைவராகிய நஃபீல்ட் பிரபுவோ அவ்வுருவத்தை ஓடின்றி நீரில் வேகவைத்த முட்டைக்கு ஒப்பிட்டு நகைத்தாராம். ஆயினும் பத்து இலட்சம் என்னும் எண்ணிக்கையை முதன்முதல் எட்டிய பிரித்தானிய வண்டி அதுவே. 1970களின் தொடக்கத்தில் உற்பத்தி நிற்பதற்குள் பதினாறு இலட்சத்திற்கு மேற்பட்ட வண்டிகள் வெளிவந்தன.

இலங்கையில் மோட்டார் வண்டியாளர் சங்கம் 1904 ஆம் ஆண்டிலேயே தோன்றிவிட்டது. எனினும், நடுத்தரக் குடும்பத்தார் வண்டி வாங்கும் நிலை பிற்காலத்திலேயே உண்டாயிற்று. ஆசிரியரும் மருத்துவரும் எழுதுவினைஞரும் மைனரை விரும்பி வாங்கினர். 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி தட்டுப்பட, வண்டி இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. 1977 இல் பொருளாதாரம் திறந்துவிடப்படும் வரை இருந்ததைக் காப்பதன்றி வேறு வழியில்லை. உலகின் பிற இடங்களிற் பழைய இரும்பாகிய வண்டிகள் இங்கு உயிர்பிழைத்தமைக்கு இதுவே முதற் காரணம்.

வாசனைத் திரவியங்கள் விளையும் மாத்தளை மாவட்டத்தில், பல்லேபொல போன்ற ஊர்களின் ஏற்ற இறக்கமான பாதைகளில் இவ்வண்டியைச் செலுத்துவது ஒரு பயிற்சியாகும். அதன் நான்கு கியர்களுள் முதலாவது, ஓட்டத்தின் நடுவே எளிதில் இணங்காது. ஆதலின் மேட்டில் விசை குறைவதைச் செவியால் உணர்ந்து, உரிய தருணத்திலே இரண்டாம் கியருக்கு மாறுதல் வேண்டும். இன்றைய வண்டியில் இக்கணக்கைக் கணினி செய்கிறது. மைனரில் ஓட்டுநரே செய்கிறார். எந்திரத்தின் மூடியைத் திறந்தால் காபறேற்றர், தீப்பொறி பகிர்ந்தளிக்கும் கருவி, டைனமோ ஆகிய யாவும் கண்ணுக்குத் தெரியும், கைக்கும் எட்டும். பழுது எங்கே உள்ளதெனத் தேடிக் கண்டு தீர்க்கும் இன்பமே அன்பர்களை ஈர்ப்பது. அறியக்கூடிய பொருளின் மீதே ஆழ்ந்த பற்று உண்டாகும் என்பதற்கு இது நல்ல சான்று.

அன்பர்களுக்குள்ளும் ஒரு வழக்கு உண்டு. வண்டி தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே இருத்தல் வேண்டும் என்பார் ஒரு சாரார். பிளவுண்ட முன்கண்ணாடி, இருபுறமும் நீட்டி மடங்கும் திசைகாட்டிக் கைகள் ஆகியவற்றை அவர்கள் மாற்ற ஒப்பார். ஓடாத வண்டி வண்டியன்று என்பது மறுசாராரின் வாதம். அவர்கள் யப்பானிய எந்திரத்தைப் பொருத்தவும் தயங்கார். ஈயம் கலந்த பெற்றோல் 2002 இல் நீக்கப்பட்டபொழுது இவ்வழக்கு மேலும் கூர்மையுற்றது. பழைய எந்திரத்தின் வால்வுகள் அமரும் விளிம்புக்கு அந்த ஈயமே காப்பாக இருந்தது. அக்காப்பு நீங்கியதும், கடினமான உலோக வளையங்களைப் பொருத்தி எந்திரத்தைக் காக்க வேண்டியதாயிற்று. முழுத் தூய்மை இயலாதென்பதை இது காட்டுகிறது. உருவையும் இயல்பையும் காத்து, உயிர்வாழத் தேவையானதை மாத்திரம் மாற்றுதலே நடுநிலையான வழி.

பழைய வண்டி புகை மிகுதியாகக் கக்கும். விபத்திற் போதிய காப்பளிக்காது என்பர் சிலர். அவை மறுக்கவொண்ணாத உண்மைகளே. நாள்தோறும் நெடுந்தூரம் செல்வோர்க்கு அது ஏற்றதன்று. ஆனால், அதனைப் பேணுவதனால் நாட்டில் நிலைக்கும் கைத்திறனை எண்ணிப் பார்த்தல் வேண்டும். தகட்டைத் தட்டி வளைத்து மட்காப்பு ஆக்குவோரும், கிடைக்காத உறுப்பைக் கடைசல் பிடித்துத் தருவோரும் இல்லாமல் ஒரு மைனரும் இத்துணைக் காலம் ஓடியிராது. 1990களில் இலங்கைப் பட்டறையொன்றில் மைனரின் உதிரிப்பாகங்கள் செய்யப்பட்டு இங்கிலாந்துக்கே அனுப்பப்பட்டன. பிறந்த நாட்டுக்கே உறுப்பு வழங்கிய பெருமை அத்தொழிலாளரின் கைகளுக்கு உரியது.

2020 இல் வண்டி இறக்குமதி மீண்டும் நிறுத்தப்பட்டு, 2025 இலேயே தனியார் கார்களுக்கு வழி திறந்தது. 2022 இன் எரிபொருள் தட்டுப்பாட்டில் வாரப் பங்கீடும் வந்தது. அக்காலத்திற் பழையதைச் செப்பனிடும் அறிவு பொழுதுபோக்கன்று, வாழ்க்கைத் தேவை என்பதை நாடு மறுபடியும் கற்றுக்கொண்டது. ஆனால் அவ்வறிவுடையோர் முதுமை எய்தி வருகின்றனர். கணினி கொண்டு பழுதறியப் பழகிய இளைஞர் பலர், தீப்பொறியின் நேரத்தைக் கையால் திருத்துதலை அறியார்.

ஆதலின் பழைய வண்டியை விலையுயர்ந்த காட்சிப் பொருளாக மூடிவைப்பதனாற் பயன் சிறிதே. அதனை ஓட்டுதலும், ஓட்டுவிக்கும் நுட்பத்தை ஓர் இளைஞனுக்கேனும் கற்பித்தலுமே உண்மையான போற்றுதலாகும். இரும்பு என்றோ துருவேறும். கைமாறிச் செல்லும் அறிவு துருவேறுவதில்லை.