தண்ணீரில் ஓடும் காரா?



"தண்ணி ஊத்தினாலே ஓடுற கார் டில்லிக்கு வந்துடுச்சுடா!" என்று வகுப்பில் முதலில் சொன்னது நான்தான். படித்துப் பார்த்த பிறகே என் தவறு புரிந்தது.

30.3.2022 அன்று மத்திய அமைச்சர் நிதின் கட்கரி 'டொயோட்டா மிராய்' காரில் நாடாளுமன்றத்துக்கு வந்தார். அந்தக் காரில் நிரப்புவது தண்ணீர் அல்ல, ஹைட்ரஜன் வாயு!

டாங்கில் உள்ள ஹைட்ரஜனும் காற்றில் உள்ள ஆக்சிஜனும் எரிபொருள் கலனில் சேர்கின்றன. நடுவே ஒரு மெல்லிய சவ்வு. புரோட்டான் அதன் வழியே நேராகப் போய்விடும். எலக்ட்ரானுக்கு அனுமதி இல்லை. 2019-ல் அத்திவரதரைப் பார்க்க எல்லோரையும் சுற்றிச் சுற்றி விட்டார்களே, அதுபோலக் கம்பி வழியே சுற்றித்தான் போக வேண்டும். அந்த ஓட்டம்தான் மின்சாரம். அதில் மோட்டார் சுழலும்.

ஓட்டுபவருக்கு கியர் மாற்றும் வேலை இல்லை. எஞ்சின் உறுமாது. நிரப்ப ஐந்து நிமிடம் போதும். பின்னால் புகைக்குப் பதில் தண்ணீர் சொட்டும். 1 கிலோ ஹைட்ரஜனுக்கு 9 கிலோ தண்ணீர்!

அந்தத் தண்ணீரையே திரும்ப ஊற்றலாமே? முடியாது. அடுப்புச் சாம்பல் மறுபடி எரியுமா? தண்ணீர் என்பது ஹைட்ரஜனின் சாம்பல். அதைப் பிரிக்க, கார் தரும் மின்சாரத்தைவிட அதிக மின்சாரம் வேண்டும். இன்று உலகில் பெரும்பாலான ஹைட்ரஜன் இயற்கை எரிவாயுவிலிருந்தும் நிலக்கரியிலிருந்தும்தான் வருகிறது. அங்கே கரியமில வாயு வெளியாகிறது. சூரிய ஒளியிலும் காற்றாலையிலும் தயாரித்தால்தான் உண்மையில் சுத்தம்.

2025 ஜூலையில் நம்ம சென்னை ஐ.சி.எஃப்.பிலும் ஹைட்ரஜன் ரயில் பெட்டியைச் சோதித்துவிட்டார்கள். எனவே இனி யாராவது "புகையே வராத வண்டி" என்றால், "அந்த ஹைட்ரஜன் எப்படி வந்துச்சு?" என்று கேளுங்கள்!