ஆண்டுக்கு இரண்டு படம்

தடித்த ஒரு கறுப்புக் கோடு. அதன்மேல் ஒரு குழந்தை. குழந்தையின் தலைக்கு மேல் நட்சத்திரம். இதை ‘நட்சத்திரங்கள் உதிர்ந்த குளிர்காலம்’ என்று வாசிக்க வேண்டும். 1833 நவம்பர் 13 அன்று வட அமெரிக்க வானில் எரிகற்கள் மழையாய்க் கொட்டின. படத்திலிருக்கும் குழந்தை, அதை வரைந்த செட்டானேதான். அந்த வருடக் கோடையில் பிறந்தவர்.

செட்டான் கியோவா இனத்தவர். மொன்டானா மலைப்பக்கத்திலிருந்து படிப்படியாகத் தெற்கே இறங்கி, இன்றைய ஓக்லஹோமா, டெக்சாஸ் சமவெளிகளில் குதிரையும் காட்டெருமையுமாக வாழ்ந்த மக்கள் கியோவாக்கள். அவர்கள் மொழிக்கு அன்று எழுத்து இல்லை. நாள்காட்டி இருந்தது.

அதன் கணக்கு எளிது: ஆண்டுக்கு இரண்டு படம். கறுப்புக் கோடு போட்டால் குளிர்காலம். புல்பூண்டெல்லாம் பட்டுப்போனதற்கு அடையாளம். கோடைச் சடங்கான சூரிய நடனத்தின் பந்தலைப் போட்டால் கோடை. கூடவே அந்தப் பருவத்தில் நடந்த ஒரே ஒரு சங்கதி. உடம்பெல்லாம் புள்ளியாக ஒரு மனிதன் நின்றால், அது 1839-40இல் வந்த பெரியம்மை. செட்டானின் தாளில் படங்கள் கீழ் வலது மூலையில் தொடங்கி, சுருளாகச் சுற்றி நடுவுக்குப் போகின்றன: மொத்தம் 60 ஆண்டுகள். படம் வெறும் தலைப்புதான். கதை, சொல்பவர் நாவில் இருந்தது. 1892இல் செட்டான் இதை ஆய்வாளர் ஜேம்ஸ் மூனியிடம் கொடுத்தார். 1898இல் மூனியின் நூலில் அச்சேறியது.

வரையும் பழக்கம் சிறைக்கும் கூடவே போனது. 1875இல் ஃபுளோரிடாவின் மேரியன் கோட்டையில் அடைக்கப்பட்ட சோட்டோம், வோஹா போன்ற கியோவாக்கள் அங்கே தாளில் படம் வரைந்தார்கள். அடுத்தடுத்த தலைமுறையில் ஸ்டீபன் மொப்போப், லோயிஸ் ஸ்மோக்கி முதலான ‘கியோவா அறுவர்’ வந்தார்கள். 1928இல் அவர்கள் ஓவியங்கள் பிராக் நகரக் கண்காட்சிக்குச் சென்றன.

நாள்காட்டியில், சூரிய நடனம் நடக்காத கோடைக்குப் பந்தல் படம் கிடையாது. 1890இல் பந்தலுக்குக் கவட்டைக் கம்பங்களை நட்டுக்கொண்டிருந்தபோது, நடனத்தைத் தடுக்க அமெரிக்கப் பட்டாளம் வருகிறது என்று சேதி வந்தது. நட்டதை அப்படியே விட்டுக் கலைந்தார்கள். அதன்பின் அங்கே பந்தல் எழவில்லை. கோடையைக் குறிக்க வைத்திருந்த அடையாளமே பறிபோன அந்த வருடத்தையும் நாள்காட்டி விட்டுவிடவில்லை. அதற்கும் ஒரு பெயர் வைத்தது: ‘கவட்டைக் கம்பங்களை நின்றபடியே விட்டுவந்த சூரிய நடனம்.’